செய்தியில் வராத ரொட்டிக் கடை

ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம். கடை டிவியில் மேலைநாட்டு விமானங்கள் அரபு ஊர் ஒன்றின் மேல் குண்டு வீசின. பின்னணியில் சண்டைப்பட இசை. "தீவிரவாதிகளின் பதுங்குமிடம் தரைமட்டம்!"

என்னோடு வேலை பார்க்கும் செல்வியின் கணவர் அந்த ஊரில்தான் வெல்டர். காலையிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

"அண்ணா, சவுண்ட கொறைங்க. போன் அடிச்சா கேக்காது."

கடைக்காரர் டிவியை அணைத்தே விட்டார்.

ஒருவழியாகக் கணவரின் அழைப்பு வந்தது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நா நல்லாக்கீறேன்மா. எதுத்தாப்ல ரொட்டிக் கடைதான் போச்சு. வாங்க நின்னுக்கினு இருந்தவங்கோ ஒருத்தரும் மிஞ்சல."

செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் போனில் சேனல் சேனலாகப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பதுங்குமிடம்தான். வரிசையில் நின்றவர்களைப் பற்றி யாராவது சொன்னால் லிங்க் அனுப்புங்கள். எனக்குத் தேடி அலுத்துவிட்டது.