அடுத்த காம்பராவுக்கும் சேர்த்துப் படித்த புத்தகம்

இலங்கை மலையகத்து ஹட்டன் கடைவீதியில் பீடி, சவர்க்காரத்தோடு புத்தகமும் விற்ற ஒரு முஸ்லிம் நானா இருந்தார். இந்தியாவிலிருந்து புதிய அறிவு நூல் வந்தால் எனக்கென்று ஒன்றை எடுத்து வைப்பார். எரிமலை, கடலடி, நட்சத்திரம் என்று எதையாவது சாமானியனுக்கும் புரிகிற மாதிரி சொல்லும் புத்தகங்கள். கதைப் புத்தகம் நான் வாங்கியதில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் இல்லாத கதையா?

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் கால் இரண்டும் என்னுடையவை போலவே இருக்காது. ஆனாலும் விளக்கை ஏற்றிக் கொஞ்சமாவது சத்தமாகப் படிப்பேன். மனைவிக்குப் படிப்பதாகப் பேர். கொழுந்து பறித்துக் களைத்தவள் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். உண்மையில் கேட்டது அடுத்த வீட்டுக் காம்பராதான். லயத்துக் குறுக்குச் சுவர் கூரை வரை போகாது. இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே என்னவென்று விசாரிப்பார்கள்.

அங்கே ஓர் அக்காவும் அவர் கணவரும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அக்கா பல மாதமாக இருமிக்கொண்டிருந்தார். கேட்டால் பனி என்பார். காசம் என்று தெரிந்தால் வேலை போய்விடும், பிள்ளைகளை யாரும் அண்டவிடமாட்டார்கள் என்ற பயம். லயத்துக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் மனித உடம்பைப் பற்றிய நூல் ஒன்று கிடைத்தது. நுரையீரலுக்கு வந்ததும் தயங்கினேன். ஆனால் நாளைக்கு நுரையீரல் என்று முதல்நாளே சொல்லித் தொலைத்திருந்தேன். படித்தேன். காசம் கிருமியால் வருவது, பாவத்தால் அல்ல, இப்போது மருந்து இருக்கிறது, முற்றவிடக் கூடாது. எழுதியவர் வெகு நிதானமாகச் சொல்லியிருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருப்பார்.

படித்து முடிக்கும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் இல்லை. அக்கா அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. பிறகு அவரே கேட்டார்.

"தம்பி, அந்த மருந்து டிக்கோயா ஆஸ்பத்திரில இருக்குமா?"

புத்தகத்தில் டிக்கோயா ஏது? எனக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

"இருக்கும்க்கா. நாளைக்கே போங்க."

அவர் கணவரின் குரல் கேட்டது. "நான் கூட்டிட்டுப் போறேன்."

நல்லவேளை, மருந்து இருந்தது. அக்காவை அங்கேயே தங்க வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் எங்களோடும் சாப்பிட்டார்கள், பல நாள் அரைவயிறாகத்தான். மாதங்கள் கழித்து அக்கா திரும்பி வந்தபோது கன்னத்தில் சற்றுச் சதை பிடித்திருந்தது. வேலைக்கு வேண்டாம், இன்னும் கொஞ்ச காலம் படுத்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினாராம். பிழைத்துவிட்டார் என்று லயமே சந்தோஷப்பட்டது.

மறுநாள் விடியற்காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். அதில் நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், அக்கா இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் கணவர் கொழுந்துக் கூடையைத் தூக்கி அவர் முதுகில் வைத்து, தலையில் கயிற்றைச் சரிசெய்து விட்டார்.