பம்பாயா, கல்யாணமா?

எண்பதுகளில், ஆண்களை விரும்பும் ஆண்கள் சிலர் மதுரையில் என் வாடகை அறையில்தான் கூடுவோம். மில்லில் நின்று கால் கடுத்துத் திரும்பிய ஒரு சாயங்காலம், மேலூர்க் கல்லூரிப் பையன் ஒருவன் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். அவனும் எங்களைப் போலத்தான் என்று வீட்டில் தெரிந்துவிட்டது. புத்தி மாறட்டுமென்று அழகர்கோவிலில் முடியிறக்கிவிட்டார்கள்.

அவனை வைத்துக்கொண்டே நண்பர்கள் இருவர் சண்டை பிடித்தார்கள். பம்பாய்க்கு ரயிலேற்றிவிடலாம் என்றார் ஒருவர். நம்மைப் போலக் கல்யாணம் கட்டிச் சமாளிக்கட்டும் என்றார் மற்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவன்ட்ட கேட்டீகளா?” என்று கத்தினேன்.

“நாளைக்குப் பரீட்சைண்ணே” என்றான் பையன். “படிக்க எடம் வேணும். அம்புட்டுத்தான்.”

விளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனைவரை பம்பாயா கல்யாணமா என்றே பேசிக்கொண்டு வந்தார்கள்.