அடிபம்பும் பள்ளிக்கூட வேனும்

"…கன்டெய்னர் லாரி இந்தாண்ட உரசிக்கினு போவுது, உன் பொண்ணு தலைய வெளிய நீட்டி அவனுக்கு டாட்டா காட்டிக்கினு கீது. நான் வண்டிய ஓரங்கட்டி நிறுத்திட்டேம்பா. ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? நாளையிலர்ந்து வேற வண்டி பாத்துக்க."

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் இதைச் சொன்னபோது இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எந்த வாசலிலும் அவர் இன்ஜினை அணைத்து நான் பார்த்ததில்லை. ஹாரன் அடிப்பார், பிள்ளையை ஏற்றுவார் அல்லது இறக்குவார், போய்விடுவார். அன்று மாலை என் மகளை இறக்கிவிட்டு, போகாமல் நின்றார். எனக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். அப்போதுதான் எழுந்து வந்து, பாதிக் கண்ணில் தூக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது சேரப்பணஞ்சேரியில் ஒரு லைன் வீடு. பள்ளி படப்பையில். நான் ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில், மனைவி சுங்குவார்சத்திரம் பக்கம் போன் கம்பெனியில். இருவருக்கும் வாரா வாரம் ஷிப்ட் மாறும். இந்த வேன் நின்றால் மனைவியின் வேலையும் நின்றுவிடும். வேறு வேன் இரண்டு உண்டு. இரண்டுமே என் மகளை ஏற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவைதான்.

மகளுக்கு ஆறு வயது. உட்காரமாட்டாள். உட்கார்ந்தாலும் கால் உட்காராது. எங்கள் வரிசையில் ஆறு குடும்பம், ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் ஸ்பிரிங்கு என்பார். பக்கத்து வீட்டு அக்கா, "வெயிட்டு போடாத குக்கர் கணக்கா கீதே" என்பாள். என் சூப்பர்வைசர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, "இத லைன்ல நிறுத்துனா மத்தியானத்துக்குள்ள டார்கெட் முடிஞ்சிடும்யா" என்றார். ஜனங்கள் பேசுவதை ரசிக்கிற ஆள் நான். என் மகளைப் பற்றிச் சொல்வதையும் ரசித்துத்தான் தொலைத்தேன். இரவெல்லாம் மெஷினோடு நின்றுவிட்டு வந்து காலையில் அவள் பின்னால் ஓடும்போது மட்டும் எதுவும் ரசிக்காது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். "மாத்திரை இருக்கு. தேவைப்பட்டா கொடுப்போம், அது ஒண்ணும் தப்பில்ல. சின்னப் பொண்ணு, முதல்ல வீட்டுல சில விஷயத்த மாத்திப் பாப்போம்" என்றார். ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்ல வேண்டும். செய்தால் உடனே பாராட்ட வேண்டும். தூங்குவதும் எழுவதும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் என் மனைவி சிரித்துவிட்டாள். "எந்த ஷிப்ட்டு டைம் மேடம்?" டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு, "சரி, நேரம் மாறட்டும். செய்யற வரிசை மாறாம பாத்துக்குங்க" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டோம். மனைவி தன் கம்பெனி லைனில் ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே படம் ஒட்டியிருப்பார்கள் என்பாள். எந்த மொழிக்காரர் வந்தாலும் படத்தைப் பார்த்து அடுத்ததைச் செய்யலாம். அதுபோலவே சமையல் மேடைக்கு மேல் படம் வரைந்து ஒட்டினாள். பல், குளியல், இட்லி, ஷூ, வேன். யார் வீட்டில் இருந்தாலும் அதே வரிசை. கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் தெரிந்தது. தீபாவளி வரைக்கும் வேன்காரர் அவள் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் எல்லாம் மறுபடி கலைந்தது. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. படம் சுவரில் அப்படியேதான் இருந்தது.

வாசலில் நின்ற வேன்காரரிடம் கெஞ்சிப் பேச எனக்குத் தெம்பில்லை. "முன்ன நல்லாத்தானேண்ணா வந்துக்கினு இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"முன்னல்லாம் இன்னா, கவுனு ஓரம் நனைஞ்சிக்கினு வரும். சீட்ட ஈரம் பண்ணுதுன்னு நான்கூட கத்துவேன். ஆனா குந்துனா குந்துன எடத்துல கெடக்கும், படப்பை வர்ற வரிக்கும். இப்போ நல்லா காஞ்சி, பவுடர் போட்டுக்கினு வருது. ஏறுனதுலர்ந்து ஒரே ஆட்டம்."

ஈரம் என்றதும்தான் எனக்கு உறைத்தது. தீபாவளிக்கு முன்பு வீட்டில் தண்ணீர் கிடையாது. காலையில் வேன் வருவதற்குள் தெருமுனை அடிபம்பில்தான் பிடித்து வருவோம். மகள்தான் பம்பு அடிப்பாள். கைப்பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்டு, எகிறி எகிறி அடிப்பாள். தன் சின்ன வாளியை இரண்டு கையாலும் தூக்கி, பாதியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு வருவாள். அதை நாங்கள் வீட்டு வேலை என்றுதான் நினைத்தோம், படத்தில்கூடச் சேர்க்கவில்லை. பிறகு வீட்டுக்காரர் மோட்டார் போட்டு, மாடியில் டேங்க் வைத்தார். ஆறு குடும்பமும் கும்பிட்டோம். பம்புப் பக்கம் யாரும் போகவில்லை.

பம்பு நின்றதிலிருந்துதான் இந்த ஆட்டம் என்று அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். "அடப் போப்பா. பம்பு அடிச்சா அடங்கிடும்னா, எங்க தெருவுல எல்லாரும் சாமியாராப் பூட்டிருக்கணும்." கியரைப் போட்டார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் போய்விட்டார்.

மனைவி ஷிப்ட் பிரேக்கில் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னேன். "மோட்டார நிறுத்தச் சொன்னா மத்த அஞ்சு வீடும் நம்மள அடிக்க வரும்" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "ஒரு வாரம் லீவு போடறேன். அப்புறம்?" என்றாள். பிரேக் முடிந்து மணி அடித்தது, போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். வேன் வராவிட்டால் மகளை எதில் கூட்டிப்போவது என்ற யோசனைதான். எப்படியும் முதலில் பம்புக்குக் கூட்டிப்போவோம் என்று அவளுக்கு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது ஹாரன் கேட்டது. வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னால். வேனில் ஒரு பிள்ளையும் இல்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்து மகளிடம் நீட்டினார். "பாப்பா, கண்ணாடி பூரா லாரித் தூசி. பம்புல தண்ணி அடிச்சி எடுத்துக்கினு வா, ஓடு."

அவள் வாளியோடு பறந்தாள். தெருமுனையில் கைப்பிடி கிறீச்சிடத் தொடங்கியது. வேன்காரர் இறங்கி, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, சாவியைத் திருப்பி, இன்ஜினை அணைத்தார்.