அம்மா குரல் இல்லாத பதிவு

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் மித்ரா ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி வந்தாள். பையைக் கழற்றி வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“இனிமே என்னைய ரெக்கார்டு பண்ணாதீங்கம்மா.”

ஏன் என்று கேட்டேன். உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வைத்திருந்த பால் அப்படியே ஆறிப் போனது.

விஷயம் இதுதான். பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. மித்ராவின் வகுப்பு ஆசிரியை கலைவாணி மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். டெக்னாலஜியை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் இலக்கு சொல்ல வேண்டுமாம். இவர் எழுந்து, “என்னுது ஒன்னே ஒன்னுதானுங்க,” என்றார். “வருஷம் முடியறதுக்குள்ள ஒவ்வொரு குழந்தையும் தான் படிக்கிறதைத் தானே கேட்டு, தன் தப்பைத் தானே கண்டுபிடிக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடத்தில் ஒரு பக்கம். பிள்ளை வாய்விட்டுப் படிக்க, அதைப் போனில் பதிவு செய்து மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் ஸ்பீக்கரில் போடுவார். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு தடவைதான் படிக்க வேண்டும், யாரும் சொல்லித் தரக் கூடாது.

எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. இவ்வளவுதானா? பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டே விட்டார். “பக்கத்து ஸ்கூல்ல ரோபோ செய்யறாங்களாமாங்க மிஸ். நம்ம புள்ளைகளுக்கு வெறும் ரெக்கார்டிங்தானுங்களா?”

“செய்யட்டுங்க. அந்த ரோபோவோட வர்ற புஸ்தகத்தை யாராச்சும் படிக்கோணுமில்லீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் ஓடுவதற்கு முன்னால் பையருக்கு, அதாவது வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, ஒரு சேம்பிள் அனுப்புவோம். அதை யூனிட்டிலேயே கை சுத்தமான டெய்லர்தான் தைப்பார். ஒரு நூல் தொங்கக் கூடாது. காலர் கொஞ்சம் கோணினாலும் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்வேன். பையர் சரி என்றால்தான் பல்க், அதாவது மொத்த ஆர்டர், தைக்கவே ஆரம்பிப்பார்கள். அந்த அப்ரூவல் வாங்குவதுதான் என் பிழைப்பு.

அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தால் மட்டும் விட்டுவிடுமா?

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மித்ரா ‘விருந்தோம்பல்’ என்ற இடத்தில் தடுமாறினாள். அழித்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அடுத்து வேறொரு வரியில் தடுமாற்றம். மறுபடி அழித்தேன். எத்தனையாவது டேக் என்று கணக்கே இல்லை. கடைசியில் போனை என் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் முன்னாலேயே முணுமுணுத்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். பிசிறே இல்லாத பதிவு!

வாசலில் இருந்த கணவர் எட்டிப் பார்த்தார். “ஏனம்மணி, படிக்கச் சொன்னது புள்ளையையா, உன்னையா?”

“நீங்க சும்மா இருங்க” என்றேன்.

மைக் இருப்பது போனில். போன் இருந்தது என் வாய்க்குப் பக்கத்தில். இது என் புத்திக்கு எட்டவில்லை. திங்கட்கிழமை ஸ்பீக்கரில் முதலில் கேட்டது என் குரல். அதன் பின்னால், தூரத்தில், மித்ரா. வகுப்பே சிரித்திருக்கிறது. வேனில் கூட வரும் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஸ்கூட்டரில் போகும்போது ‘டெய்லர்கள் தேவை’, ‘செக்கிங் ஆட்கள் தேவை’ என்று எங்கள் நல்லூர் ஏரியா சுவர்களில் இருக்கும் அத்தனை போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வருகிற பிள்ளை அவள். அந்த வாரம் ஒரு போர்டைக் கூடப் படிக்கவில்லை. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால், ஒரு வார்த்தை படித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். சரியா என்று. அடுத்த வார்த்தைக்கும் அதே பார்வை.

படிப்பையே விட்டுவிடுவாளோ? டாக்டர் “எங்கே வலிக்குது பாப்பா?” என்று அவளைக் கேட்டால், பதில் சொல்வது நான். கல்யாண வீட்டில் யாராவது பெயர் கேட்டாலும் நான்தான். எத்தனை வருடமாக இவள் வாயாக நான் இருக்கிறேன்?

அரை நாள் லீவு போட்டுவிட்டு மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“உங்களோடது மட்டுமில்லீங்க. பாதிப் பேரு ரெக்கார்டிங்ல அம்மா சத்தந்தான் கேக்குது” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. “நான் வெச்ச இலக்கே தப்போன்னு ரெண்டு நாளாத் தூக்கமில்லைங்க. தன் குரலைக் கேட்டா தைரியம் வரும்னு நெனச்சேன். உங்க பொண்ணுக்கு இருந்ததும் போயிருச்சு.”

“நான்தாங்க மிஸ் கெடுத்தேன்.”

“சேம்பிள் நீங்க தெச்சீங்க. பல்க் அவதானுங்க தெக்கோணும்?”

திருப்பூரில் டீச்சருக்கும் இந்த பாஷை தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது ஒரு வழி சொன்னார். “இந்த வாரம் அவ வேண்டாங்க. நீங்க படிங்க. ஒருக்கா மட்டும். அவ கேட்டுத் தப்புக் கண்டுபிடிக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை போனை மித்ராவிடம் கொடுத்துவிட்டு, தினசரியில் ஒரு செய்தியைப் படித்தேன். பதற்றத்தில் வேகமாகப் படித்தேன். அவள் ஓடவிட்டுக் கேட்டாள். நடுவில் நிறுத்தினாள்.

“இங்க ஒரு வார்த்தையை முழுங்கிட்டீங்கம்மா.”

ஆமாம், முழுங்கியிருந்தேன். “அழிச்சிரு கண்ணு, இன்னொருக்கா படிக்கறேன்.”

“ஒருக்காதானுங்கம்மா. மிஸ் சொன்னாங்க.”

சொல்லும்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு. பல நாளுக்குப் பிறகு. பிறகு புத்தகத்தை எடுத்தாள். என் போனையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

வெளியே நின்றேன். பக்கத்து யூனிட்டின் மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் மெல்லக் கேட்டது. ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அந்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். என் தொண்டை வரை வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்...

எவ்வளவு நேரமோ. வார்த்தை இரண்டாக உடைந்து வந்தது. பிறகு சேர்ந்து வந்தது. பிறகு அடுத்த வரி.

வெளியே வந்தவள், “மிஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்” என்று போனை என் கையில் வைத்தாள்.

மறுநாள் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். “நாலு எடத்துல தப்புங்கம்மா! நாலையும் நானேதான் கண்டுபிடிச்சேன்!”

நாலு தப்புக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட அம்மா நல்லூரில் அன்றைக்கு நான் ஒருத்திதான்.

அந்தப் பதிவு இன்னும் என் போனில்தான் இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு தப்பு இருக்குமோ என்று விரல் துறுதுறுக்கத்தான் செய்கிறது — இதுவரை கேட்கவில்லை.