கொடிமரத்துக்குச் சீயக்காய் தேய்த்தவள்

கோட்டையூர் செந்தாமரைக்குச் சுமை புதிதில்லை. சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தே பாதி ஆயுசைக் கழித்தவள். திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன இடத்தில், கிரேனில் சுமை கட்டப் பழக்கும் வகுப்பு நடந்தது. யாரும் கூப்பிடாமலே இவள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இது?" என்றார்கள்.

"மேல இருந்து விழுகுற இரும்பு, ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா விழுகுது?"

யாரும் அவளை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

எந்த பெல்ட் எவ்வளவு எடை தாங்கும், எங்கே கட்டினால் சாயாது என்றெல்லாம் அங்கே படித்தாள். ஆனால் மனசில் ஆணி அடித்தாற்போல் நின்றது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் தூக்காதே, முதலாளியே சொன்னாலும் தூக்காதே என்றார்கள். அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. 'மாட்டேன்' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டென்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

இப்போது காரைக்குடியில் வேல்பாண்டி என்றொருவன் கிரேன் ஓட்டுகிறான், செந்தாமரை சுமையைக் கட்டிச் சைகை காட்டுகிறாள். போன தை மாதம் காளையார்கோவிலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் புதுக் கொடிமரம் நிறுத்தக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல தேக்கு. அந்த ஊர் வழக்கப்படி, நிறுத்துகிற அன்று காலையில் வீட்டுக்கொரு கரண்டி நல்லெண்ணெயை மரத்தில் ஊற்றித் தடவுவார்கள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் எண்ணெயில் குளித்துக் கிடந்தது. போதாததற்கு, நுனிப்பக்கம் போகப் போகச் சிறுத்தும் இருந்தது. பெல்ட்டை எங்கே கட்டினாலும் நுனியைப் பார்த்து வழுக்கும்.

"பெல்ட்டு சுத்துற எடத்துல மட்டும் எண்ணெயப் போக்கணும்யா. சீயக்காய் கொண்டாரச் சொல்லுங்க," என்றாள்.

ஊர்த் தலைவரான அம்பலகாரர் முத்துராமலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சாமிக்கு ஊரு குடுத்த எண்ணெயத் தேச்சுக் கழுவுறதா? முகூர்த்தம் முடியப் போகுது. தூக்குத்தா!"

"மாட்டேன்யா."

"இனி இந்தச் சீமையில ஒரு கோயில் வேலைக்கும் உன்னையக் கூப்புட விடமாட்டேன்."

அவர் சொன்னால் செய்கிற ஆள். கோயில் வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் மரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்ற சனத்தைப் பார்த்தாள்.

"கூப்புடாட்டிப் போங்க. இந்த மரத்த இப்படியே தூக்க மாட்டேன்."

அம்பலகாரர் கிரேன் பக்கம் திரும்பினார். வேல்பாண்டி சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அக்கா கை காட்டாம ஹூக்கு நகராதுங்கய்யா."

முகூர்த்தம் போயிற்று. ஊரே அவளை வைதது. கடைசியில் குருக்கள்தான் வாயைத் திறந்தார். உச்சிப் பொழுதில் அபிஜித் முகூர்த்தம் இருக்கிறது, அதில் தோஷமில்லை என்றார்.

செந்தாமரை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே சீயக்காய் தேய்த்தாள். கழுவித் துடைத்து, வெயிலில் காயவிட்டாள். பெல்ட்டை ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்கினாள். "எல்லாரும் அங்குட்டுப் போங்க!" என்று விரட்டி, முதலில் ஒரு சாண் மட்டும் தூக்கச் சொல்லி நிறுத்திப் பார்த்தாள். பெல்ட் நகரவில்லை. அதன்பிறகுதான் கையை உயர்த்தினாள். மரம் நிமிர்ந்து, ஆடாமல் அசையாமல் குழிக்குள் இறங்கியது. மேளம் கொட்டியது.

அம்பலகாரர் நேரே அவளிடம் வந்தார். "பாத்தியா? ஒண்ணும் ஆகல. இதுக்குப் போயி நல்ல நேரத்தக் கெடுத்துப்புட்டியே!"

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. பெல்ட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆமாய்யா, ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறதுதான் என் வேலை. முடிஞ்சிருச்சு, வாரேன்."