நுஹ்மானின் பெயரில் ஒரு சேர்வர்

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நுஹ்மானின் போன் கடையில்தான் சுதர்ஷினி வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். கேகாலையில் கம்ப்யூட்டர் படித்து முடித்தும் அவளுக்கு வேறு வேலை அமையவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்து இலட்சுமி, குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீரில் புல்லுக்கு அடிக்கும் மருந்து கலந்து வருவதைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள். சொந்தப் பெயரில் போட்டதுதான் வினை. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பமே லயத்தைக் காலி செய்தது. லொறியில் சாமான் ஏற்றும்போது தோட்ட மேலாளரான துரைக்குப் பயந்து யாரும் கிட்டப் போகவில்லை. சுதர்ஷினி மட்டும் போய்ப் பாத்திர மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள்.

பெயர் தெரியாமல் எழுத வழி உண்டா என்று அவள் தேடினாள். இருந்தது. நாம் அனுப்புவதைப் பல நாட்டு சேர்வர்கள் ஒன்றிடமிருந்து ஒன்றாகக் கைமாற்றிக் கொண்டுபோகும். அனுப்பியவர் யாரென்று கடைசியில் பிடிபடாது. அவற்றை நடத்துவது கம்பனிகள் அல்ல, கைக்காசு போடும் சாதாரண மனிதர்கள். நாமும் ஒன்று நடத்தலாமே என்று கூடப் படித்த இருவரைச் சேர்த்துக்கொண்டாள். சேர்வரை வாடகைக்குத் தரும் வெளிநாட்டுக் கம்பனிக்கு டொலரில் கட்ட வேண்டும். அதற்கான வங்கி அட்டை மூவரிடமும் இல்லை.

"என்ட கார்டுல கட்டுங்க தங்கச்சி. நானும் ஒரு பங்கு போடுறன்" என்றார் நுஹ்மான்.

டொலர் ஏறியபோது குறைந்ததையும் அவரே போட்டார்.

ஒரு காலை, கொழும்பிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பாடசாலைக்குக் குண்டு மிரட்டல் போயிருந்தது. அது கடைசியாக வெளியே வந்த சேர்வர் இவர்களுடையது. வாடகைக்கு எடுத்தவர் பெயர் நுஹ்மான். திருத்தக் கொடுத்திருந்த போன்களை எல்லாம் பையில் அள்ளிக்கொண்டு அவரையும் ஏற்றிப் போனார்கள்.

மறுநாளே சுதர்ஷினி கொழும்புக்குப் போய், எல்லாம் தன் வேலைதான் என்றாள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"அந்த சேர்வரை யார் பாவிக்கிறார்கள்?"

"தெரியாது சேர். யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அதை நடத்துகிறோம்."

"முகம் தெரியாத ஆட்களுக்காகக் காசு கட்டினீர்களா?"

"ஆமாம், சேர்."

அவர் நம்பவில்லை. வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார். நுஹ்மானை விடவில்லை.

ஊர் திரும்பியதும் நுஹ்மானின் மனைவி ஸுமைராவிடம் போனாள்.

"ராத்தா, நான்தான் செஞ்சேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேங்க."

"சொன்னீங்க. வீட்டுக்கும் வந்துட்டீங்க." ஸுமைராவின் குரல் உயரவில்லை. "அவர் வரல்லயே."

மாதங்கள் கழித்து வழக்கு எதுவும் போடாமல் அவரை விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. என்ன நடந்தது என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. போன்களைப் பறிகொடுத்தவர்கள் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடையை மூடிவிட்டு, மாவனல்லையில் மைத்துனரின் புடவைக் கடைக்குப் போய்விட்டார்.

சேர்வரைக் கம்பனிக்காரன் அப்போதே நிறுத்தியிருந்தான். நண்பர்களும் விலகினார்கள். அவிசாவளையில் கார்மன்ட்ஸ் வேலைக்குச் சேர்ந்த சுதர்ஷினி, தன் பெயரில் வங்கி அட்டை கிடைத்ததும் நுஹ்மான் நானாவைப் போனில் அழைத்தாள்.

"நானா, திரும்ப ஒரு சேர்வர் எடுக்கப் போறேன். இந்தத் தடவ என் பேர்லதான். எதுவும் நம்மகிட்ட இருந்து வெளிய வராத, நடுவுல இருந்து கைமாத்துற வகைங்க."



"எனக்குச் சொல்லாதீங்க தங்கச்சி. இதப் பத்தி ஒண்டும் சொல்லாதீங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. சம்பளம் வந்த அன்று அவள் புது சேர்வரின் வாடகையைக் கட்டினாள். அவருடைய எண்ணுக்கு மறுபடி அழைக்கவில்லை.