தண்ணீர் முறை நாளில் ஒரு புள்ளடி

உருத்திரபுரத்தில் எங்கள் ஒரே வாய்க்காலில் இரண்டு கட்சி உண்டு. வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வயல் உள்ளவர்கள் காலம் காலமாகப் போடும் சின்னத்துக்கே போடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் தானாக வருகிறது. கடைசி வயல்காரர்களான நாங்கள், வாய்க்காலுக்குச் சீமெந்து போட்டுத் தருவேன் என்று யார் சொன்னாலும் அவர் பின்னால் போவோம். எங்களை விலைபோனவர்கள் என்பார்கள். என் வயலில் வந்து நின்று சொல்லட்டும் பார்ப்போம்.

அப்படி ஒருவன் சொல்லிக்கொண்டு நின்ற தேர்தல் ஆடியில் வந்தது. சிறுபோக நெல் பால் பிடிக்கும் நேரம். அந்த ஒரு தண்ணீர் தவறினால் வீட்டுச் சோற்றுக்கும் நெல் இல்லை. கிழமைக்கு ஒரு நாள்தான் எங்கள் முறை. அது வாக்களிப்பு நாளிலேயே விழுந்தது. முறை நாளில் மேல்வயல் மடையருகே நாங்கள் யாராவது மண்வெட்டியோடு காவல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்வயல்காரர் மடையை வெட்டித் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள்.

"நீர் வோட்டைப் போட்டிட்டு வாரும், நான் மடையில நிக்கிறன்" என்றார் என் கணவர்.

"உங்களை விட்டா பிறகு போகமாட்டியள். ரெண்டு வோட்டும் விழவேணும். வாய்க்காலைக் கட்டினா காவலே தேவையில்லை" என்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மேல்வயல்காரர் நின்றார். எனக்கு மனம் ஆறியது. வெட்டுகிற ஆளே இங்கே நிற்கிறாரே! அவருடைய மனைவி எங்கே என்று நினைக்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வாய்க்காலில் சேறுதான் கிடந்தது. மேல்வயல் மடை அகல வெட்டியிருந்தது. மேல்வயல்காரரின் மனைவி வரம்பில் நின்றா.

"ஒருத்தரையும் காணேல்லை, தண்ணி வேண்டாமாக்கும் எண்டு நினைச்சன். இவர் வந்தாப் பிறகுதான் நான் வோட்டுப் போடப் போகவேணும்" என்றா.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் முறை நேரமும் முடிந்திருந்தது; போன தண்ணீர் வருமா? கணவர் இறங்கி மடையை அடைத்தார். என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறுப்புக்கு வந்த மெசின்காரர் ஒரு கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்தது.

"சப்பிதான் அக்கா, உள்ளுக்கு அரிசி இல்லை. மெசின் இறக்கிறது வீண். மாட்டை விடுங்கோ."

விட்டோம்.

நாங்கள் போட்டவன் வென்றான். வாய்க்கால் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. அடுத்த தேர்தலுக்கு அதே சிரிப்போடு வந்து, அதே சீமெந்தைச் சொன்னான். ஆனாலும் அவனுக்கே புள்ளடி போட்டேன். வாய்க்கால் என்று பொய்யாகவாவது சொல்ல வேறு ஒருவரும் வரவில்லை.